பழைய மோட்டார் வண்டி: எதனை முதலிற் திருத்துவது?

இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே 1962ஆம் ஆண்டு தொடக்கம் 1980ஆம் ஆண்டு வரை எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இன்று அவற்றுள் ஒன்றைத் திருத்த முற்படுவோர், கண்ணுக்குத் தெரியும் வர்ணத்தையும் காதுக்குக் கேட்கும் எஞ்சினையுமே முதலில் எண்ணுவர். அவ்வொழுங்கு பொருந்தாது என்பதை அவ்வண்டியின் அமைப்பே காட்டும்.

முன்னர் வந்த எம்.ஜி.ஏ. வண்டியில் உடலைத் தாங்கத் தனிச் சட்டகம் இருந்தது. எம்.ஜி.பி.யில் அஃது இல்லை. உடலின் தகடுகளே ஒன்றிணைந்து பாரத்தைச் சுமக்கின்றன. திறந்த வண்டிக்குக் கூரையின் துணையும் இல்லை. ஆகவே, வண்டி நடுவில் வளையாது காப்பதில் கதவுகளின் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி போன்ற பகுதிகளுக்குப் பெரும் பங்குண்டு. இவற்றைப் படிச்சட்டங்கள் எனலாம். இவை பல தகடுகளால் ஆனவை. சக்கரங்கள் வாரியிறைக்கும் நீரும் சேறும் உள்ளே தங்குவதால், கறள் உள்ளிருந்தே பரவுகின்றது. வெளியே சிறு கொப்புளம் தோன்றும் வேளையில் உட்தகடு பெரும்பாலும் அரிக்கப்பட்டிருக்கும்.

இதனை அறிவது எவ்வாறு? வண்டியை ஜாக்கினால் உயர்த்தும்போது கதவோரத்து இடைவெளி ஒடுங்கினால், படிச்சட்டம் வலுவிழந்தது என்று ஐயுறலாம். அதனை வெட்டுமுன், வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்துதல் இன்றியமையாதது. இன்றேல் உடல் தொய்ந்த நிலையிலேயே புதிய தகடு ஒட்டப்படும்; பின்னர் கதவு செம்மையாக மூடாது.

அடுத்தது பிறேக். அதன் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இறப்பர்க் குழாய்கள் ஓடாத வண்டியிலும் முதுமையடையும். எஞ்சின் சற்றுக் காத்திருக்கலாம். ஓடாத வண்டியால் எவர்க்கும் தீங்கில்லை. நிறுத்தமுடியாத வண்டியோ உயிரைப் பறிக்கும்.

இனி, எவ்வளவை மாற்றுவது? 1988ஆம் ஆண்டில், பழைய அச்சுக்கருவிகளைக் கொண்டே செய்யப்பட்ட முழுப் புதிய உடலும் விற்பனைக்கு வந்தது. பழைய உடல் பெரிதும் அழிந்திருப்பின், ஒவ்வொரு தகடாக ஒட்டுவதிலும் அதனை வாங்குவது சிக்கனமாகலாம். ஆயினும், தொழிற்சாலையில் அவ்வண்டி பெற்ற உடல் அத்துடன் போய்விடும். நாள்தோறும் ஓட்டவா, பழமையைப் பேணவா என்பதை உரிமையாளர் முன்னரே தீர்மானித்தல் வேண்டும். இடைநடுவிற் பணம் தீர்ந்தாலும், படிச்சட்டமும் பிறேக்கும் செம்மையாயிருப்பின் செய்த வேலை வீணாகாது. வர்ணத்தைப் பின்னரும் பூசிக்கொள்ளலாம்.