நிழலில் நட்ட கோரை

கோரையைக் காசு கொடுத்து வாங்குவேனென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. யாழ்ப்பாணத்து வெங்காயத் தறையிலே அதன் கிழங்கைத் தோண்டித் தோண்டியே என் தாயாரின் விரல்கள் காய்த்துப்போயின. வைத்தியர் அதனை முத்தக்காசு என்று போற்றலாம். தோட்டக்காரருக்கோ அது தீராத வினை.

இங்கே ரொறன்ரோவில் எங்கள் பின்வளவிலே பெரிய ஓக் மரமொன்று நிற்கிறது. மண்ணின் ஈரத்தை அதுவே உறிஞ்சிவிடுவதால், அதன் நிழலில் மூன்று முறை விதைத்த புல்லும் பட்டுப்போயிற்று. அப்பொழுதுதான் இந்நாட்டுக் காடுகளில் இயல்பாக வளரும் பென்சில்வேனியாக் கோரையை நாடினேன்.

"காசு குடுத்தோ கோரை வாங்கினனீ?" என்றார் அம்மா. நடுவதற்குக் கைகொடுக்கவுமில்லை.

தோட்டத்துக் கோரை வெயிலை விரும்புவது, நிழலிற் சோர்ந்துவிடும். இதுவோ வறண்ட நிழலிலே வாழப் பழகியது. மண்ணுக்குள் கிழங்கு கோப்பதில்லை. மெல்லிய வேர்த்தண்டினால் ஆறுதலாகப் பரவும். ஒரு சாண் அளவே வளர்வதால் வெட்டும் வேலையும் இல்லை. விதையை நம்புவது வீண். குத்துக்களைப் பிரித்து வைகாசியில் ஓரடி இடைவிட்டு நட்டேன். முதற் கோடையில் நீர் தவறக்கூடாது. நான் ஒரு வாரம் தவறவிட்டுச் சில குத்துக்களை இழந்தேன். உதிரும் ஓக்கிலை மெல்லெனப் படிந்தால் நன்று; தடித்தால் இளங்குத்துக்கள் அழுகிவிடும்.

மூன்றாம் ஆண்டுச் சித்திரையில், மரம் தளிர்க்குமுன்னரே, இளமஞ்சட் பூக்கதிர்கள் எழுந்தன. அம்மா குனிந்து ஒரு தண்டை விரல்களிடையே உருட்டிப் பார்த்தார்.

"மூண்டு மூலை. கோரைதான்" என்றார்.

பிடுங்கவில்லை.