விபத்துக் காயத்துக்கு இழப்பீடு: வழக்கு சறுக்கும் இடங்கள்

மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவர், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்கீழ் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. ஓசூரில் அடிபட்ட திருச்சிக்காரர் திருச்சியிலேயே மனுப் போடலாம்.

முதல் சிக்கல் காலக்கெடு. 1994-இல் நீக்கப்பட்ட கெடுவை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு வந்தாக வேண்டும். இது கடுமையான விதி. தொடை எலும்பில் பிளேட் வைத்தவருக்கு ஆறு மாதத்தில் சிகிச்சையே முடிந்திருக்காது. ஆகவே, ஊனச் சான்றிதழுக்காகக் காத்திராமல் மனுவை முதலில் தாக்கல் செய்துவிட வேண்டும். மருத்துவச் சான்றுகளை விசாரணையின்போது சேர்த்துக்கொள்ளலாம். போலீஸார் அனுப்பும் விபத்து அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு.

அடுத்தது ஆவணம். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் பதற்றத்தில் யாரோ ‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொல்லியிருந்தால், மோதிய வாகனமே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளும். முதல் தகவல் அறிக்கை தாமதமானாலும் இதே வாதம் எழும். ஆனால் இது குற்றவியல் வழக்கு அல்ல. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

வழக்கின் உயிர் ஊனக் கணக்கில் இருக்கிறது. டாக்டர் எழுதும் சதவீதம் பெரும்பாலும் ஒரு காலுக்கோ கைக்கோ உரியது. அதனால் வருமானம் எவ்வளவு குறையும் என்பது வேறு கேள்வி. ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது: இடது கையை இழந்த ஓட்டுநருக்குப் பிழைப்பே போய்விடும், அதே இழப்பு எழுத்தருக்கு வேலையைப் பறிக்காமலும் போகலாம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 30 வயது சுயதொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய, அந்த வயதுக்குரிய பெருக்கெண் 17. வருமான இழப்பு 20 சதவீதம் என்றால் 8,56,800 ரூபாய். முழு இழப்பு என்றால் 42,84,000. இவ்வளவு வித்தியாசத்தையும் தீர்மானிப்பது, காயம்பட்டவர் அன்றாடம் என்ன வேலை செய்தார், இனி எதைச் செய்ய முடியாது என்ற சாட்சியம். பல மனுக்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை என்பது வேதனை. சான்றிதழ் தந்த டாக்டரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையேல் அந்தக் காகிதத்துக்கு மதிப்புக் குறையும். ஐயம் எழுந்தால் தீர்ப்பாயமே மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம்.

தீர்ப்புத் தொகையில் குறை இருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாவாத் தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் முடியாது. எதிர்த்தரப்பு பணத்தைக் கட்டாவிட்டால், தீர்ப்பாயத்தின் சான்றிதழைக் கொண்டு மாவட்ட ஆட்சியர் அதை நிலவரி பாக்கியைப் போல வசூலிப்பார்.