தீர்த்தமலையும் ஆழ்துளைக் கிணறும்

தருமபுரி மாவட்டம், அரூருக்கு அருகே ஓங்கி நிற்கிறது தீர்த்தமலை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய இத்தலத்தில் வடிவாம்பிகையுடன் தீர்த்தகிரீஸ்வரர் எழுந்தருளியுள்ளார். சிவபூஜைக்குரிய கங்கை நீர் வந்துசேரத் தாமதமானபோது, இராமபிரான் அம்பெய்து பாறையிலிருந்து நீரை வரவழைத்தார் என்கிறது தலபுராணம். அந்த இராம தீர்த்தத்தில் நீராடிய பின்னரே அடியார்கள் இறைவனைத் தரிசிக்கின்றனர்.

அம்பும் ஒரு கருவியே. ஆயினும் அது பூஜைக்கு வேண்டிய நீருக்காக ஒருமுறை மட்டுமே எய்யப்பட்டது.

இதே மாவட்டத்தின் சமவெளியில் பாறையைத் துளைத்த மற்றொரு கருவியின் கதை வேறு. கமலையும் ஏற்றமும் இறைத்த காலத்தில் மழைநீர் ஏரியில் தங்கியது. ஏரி கிணறுகளுக்கு ஊற்றளித்தது. மின்மோட்டார் வந்தபின் நீர்மட்டம் இறங்கியது. துளைகள் மேலும் மேலும் ஆழமாயின. பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கும். குடிநீரில் அதற்கான உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். வரம்பு மீறிய நீரை ஆண்டுக்கணக்கில் பருகியோரின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பலருக்கு முதுகும் மூட்டுகளும் விறைத்தன. நீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு நீங்காது; நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

இத்துன்பத்திற்கு வழி கண்டதும் தொழில்நுட்பமே. ஜப்பானின் கடனுதவியுடன் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. சுத்திகரிக்கப்பட்ட காவிரி நீர் குழாய்கள் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குச் செல்கிறது.

ஆகவே, கருவியைப் பழிப்பதில் பயனில்லை. போதும் என்று அமையாத மனமே ஆராயத்தக்கது. குழாய் நீர் வந்துவிட்டது என்று ஏரியை மறந்தால், பழைய பிழையே மீண்டும் நிகழும். காவிரிக்கும் வறட்சி உண்டு.

இங்கே இல்லத்துப் பெரியோர்க்கு ஒரு கடமை உள்ளது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் இளம்பருவத்திலேயே இக்கறைக்கு வித்திடப்படுகிறது. பின்னர் அது தானே மறைவதில்லை. ஆதலால் பேரக்குழந்தைகளுக்குப் பருகவும் சமைக்கவும் ஒகேனக்கல் நீரையே அளித்து, ஆழ்துளை நீரைப் பிற பணிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏரியும் வரத்துக் கால்வாயும் இருந்த இடங்களை அறிந்தவர்களும் அவர்களே. அவற்றை இளையோருக்குக் காட்டி, தூர்வாரத் தூண்டலாம்.

சந்நிதியில் வழங்கப்படும் தீர்த்தம் ஓர் உத்தரணி அளவே. ஒரு துளியும் சிந்தாமல் அதை ஏந்தும் கைகளுக்கு, வீட்டுக் குழாயின் நீரையும் அவ்வாறே போற்றுவது அரிதன்று.