வன்தட்டு மாற்றமும் இயங்குதளப் பெயர்ப்பும்

பழுதுறும் வன்தட்டிலுள்ள இயங்குதளத்தைப் புதியதற்கு மாற்றக் கோப்புகளைப் படியெடுத்தலே போதும் என்பர் சிலர். அக்கூற்றுப் பொருந்தாமையை ஈண்டு விளக்குவோம்.

கணினி இயங்கத் தொடங்குங்கால் முதற்கண் நாடுவது தொடக்க நிரலையே. பழைய முறையில் அது தட்டின் தலைப்பகுதியாகிய 512 பைட்டுகளில் தொடங்கும். இன்றைய முறையில் கண்ணுக்குப் புலப்படாத தனிப் பிரிவொன்றில் அமையும். கோப்புகளை மட்டும் படியெடுப்பின் இவை விடுபடும். ஆதலின் பிரிவுகள் அனைத்தையும் உள்ளவாறே பெயர்த்தல் வேண்டும்.

அவ்வாறு பெயர்த்த இரு தட்டுகளும் பெரும்பாலும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கும். ஒருங்கே இணைப்பின் மயக்கம் நேரும். எனவே பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது தனித்தியங்குதலைத் தேர்ந்து தெளிதல் வேண்டும். படியை ஒப்புநோக்கு முன் மூல ஏட்டைக் கைவிடுதல் பதிப்பாசிரியர்க்கு ஒவ்வாது. இச்சோதனை முடியுமுன் பழைய தட்டை அழித்தலும் அத்தகையதே. பல்லாண்டுத் தொகுப்பும் அதனோடு அழியக்கூடும்.