நொதியை அடக்கினால் வலி அடங்குமா?

அருகருகே இரண்டு சிறிய எடைத் தட்டுகள். பின்னங்கால் ஒவ்வொன்றும் ஒரு தட்டில் படும்படி எலியை நிறுத்துகிறார்கள். நலமான எலி இரு கால்களிலும் பாரத்தைச் சமமாகப் போடும். ஒரு முழங்கால் வலித்தால் பாரத்தை மறுகாலுக்குத் தள்ளிவிடும். மருந்துக்குப் பிறகு தட்டுகள் சமநிலைக்குத் திரும்பினால் வலி குறைந்ததாகக் கணக்கு. மூட்டுத் தேய்மானத்துக்கான வலி மருந்துகளைச் சோதிக்கும் முக்கியமான வழிகளில் இது ஒன்று.

அந்த எலியின் முழங்கால் தானாகத் தேய்ந்ததல்ல. மோனோஅயடோஅசிடேட் என்ற வேதிப்பொருளை மூட்டுக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். குருத்தெலும்புச் செல்கள் சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெற உதவும் ஒரு நொதியை அது முடக்குகிறது. செல்கள் மடிகின்றன. மனிதருக்குப் பல ஆண்டுகளில் நேரும் சேதம் எலிக்குச் சில வாரங்களில் வந்துவிடுகிறது.

ஃபைசர் நிறுவனம் உருவாக்கிய ஒரு மருந்து இத்தகைய எலிகளில் வலியைக் குறைத்தது. வலியைத் தணிக்க உடல் தானே உண்டாக்கும் அனந்தமைடு என்ற பொருளை ‘ஃபா’ என்ற நொதி சிதைக்கிறது. அந்த நொதியைத்தான் மருந்து தடுத்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 74 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2012இல் வெளியானது. நொதி 96 விழுக்காட்டுக்கு மேல் முடங்கியிருந்தது. இரத்தத்தில் அனந்தமைடும் உயர்ந்திருந்தது. ஆனால், வலி விஷயத்தில் அந்த மருந்து வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. அதே சோதனையில் பழைய வலி மருந்தான நாப்ராக்சென் பலன் தந்ததால், சோதனை நடந்த விதத்தைக் குறைசொல்லவும் வழியில்லை.

வலியை விடுவோம், சேதத்தையாவது தடுக்க முடியுமா? குருத்தெலும்புக்குள் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு பஞ்சு போல நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. அதை வெட்டும் நொதிகளில் ஒன்று அடாம்டிஎஸ்-5. இந்த நொதி இல்லாத சுண்டெலிகளின் குருத்தெலும்பு சிதைவிலிருந்து பெரிதும் தப்பியதாக அமெரிக்க, ஆஸ்திரேலியக் குழுக்கள் 2005இல் ‘நேச்சர்’ இதழில் தனித்தனியே எழுதின. அறுவை மூலம் முழங்காலின் பிறைக் குருத்தெலும்பைத் தளர்த்தினாலும் இந்தச் சுண்டெலிகளுக்கு வலிக்கூச்சம் உண்டாகவில்லை என்று 2010இல் தெரிந்தது. சேதம், வலி இரண்டுக்கும் ஒரே பூட்டு கிடைத்தது என்ற நம்பிக்கை இயல்பாகவே வளர்ந்தது.

கலாபகோஸ், சர்வியே நிறுவனங்கள் இந்த நொதிக்கான தடுப்பு மாத்திரையை 932 பேரிடம் 52 வாரம் சோதித்தன. 2020இல் முடிவு வந்தது. எம்ஆர்ஐ படங்களில் குருத்தெலும்பு மெலிவது குறையவில்லை. வலியும் குறையவில்லை.

கத்தெப்சின்-கே நொதியைத் தடுக்கும் எம்ஐவி-711 மருந்தின் கதை இன்னும் விசித்திரமானது. முயலிலும் நாயிலும் அது மூட்டுச் சேதத்தைக் குறைத்தது. மனிதர்களிடமும் 26 வாரத்தில் எலும்பு மாற்றத்தையும் குருத்தெலும்பு இழப்பையும் மட்டுப்படுத்தியது. வலி மட்டும் அசையவில்லை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது என்பதை இங்கே நினைக்க வேண்டும். வலி அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டைச் சுற்றிய சவ்விலிருந்தும் கிளம்புகிறது. நாட்பட்டால் தண்டுவடமும் மூளையுமே வலிக்கு அதிகக் கூச்சம் கொண்டுவிடுகின்றன. நாப்ராக்சென், செலிகாக்சிப் போன்றவையும் நொதித் தடுப்பு மருந்துகள்தான். அவை வலியைக் குறைக்கின்றன, தேய்மானத்தை நிறுத்துவதில்லை.

2019இல் உலகில் 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்துடன் வாழ்ந்தார்கள். தேய்மானத்தின் போக்கை மாற்றும் மருந்து ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. இதற்காக விலங்குச் சோதனையே வீண் என்று நான் சொல்லமாட்டேன். எந்த விலங்கில், எப்போது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இளம் சுண்டெலிக்கு, காயப்படுத்திய சில நாட்களிலேயே மருந்து தொடங்குகிறது. மனிதரோ மூட்டு பழுதாகிப் பல்லாண்டு கழித்தே மருத்துவரிடம் வருகிறார். டங்கின்-ஹார்ட்லி வகை கினிப் பன்றிகளுக்கு இந்நோய் தானாகவே வருகிறது. வளர்ப்பு நாய்களுக்கும் வயதாகும்போது வருகிறது. நாய் நடக்கும்போது ஒவ்வொரு காலும் தரையில் ஊன்றும் விசையை அளக்கலாம், படியேறத் தயங்குகிறதா என்று வளர்ப்பவரைக் கேட்கலாம். பயன் இருந்தால் அந்த நாய்க்கே கிடைக்கும். நோய் முற்றிய இத்தகைய விலங்குகளில், சேதத்தையும் வலியையும் சேர்த்து அளந்து தேறிய பிறகே ஒரு நொதித் தடுப்பானை நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கொண்டுவர வேண்டும்.