ஒரே நாளில் திருச்சி போய் வரலாமா?



சென்னையில் வாழும் நம் குடும்பங்களுக்குத் திருச்சியிலிருந்து ஒரு நிக்காஹ் அழைப்பிதழ் வந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் பேச்சு என்ன? "சுபுஹு தொழுதுவிட்டுக் காரில் புறப்பட்டால் நிக்காஹுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இரவே வீடு திரும்பிவிடலாம்" என்பதுதான். பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம். ஆண்களுக்கு அலுவலகம், கடை. தங்குவதற்கு அறை எடுத்தால் வீண் செலவு. ஆகவே போனதும் வந்ததும் ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறோம்.

இப்படித்தான் நாங்களும் சில ஆண்டுகளுக்கு முன் தீர்மானித்தோம். வண்டியை ஓட்டியவர் என் சகோதரியின் கணவர். அவருக்குப் பக்கத்து இருக்கையில் நான். பின்னால் என் தாயாரும் சகோதரியும் இரண்டு பிள்ளைகளும். அஸர் தொழுததும் திருச்சியை விட்டுக் கிளம்புவதாகத் திட்டம். ஆனால் உறவினர் வீடு ஒன்று, நோயாளி ஒருவரின் நலம் விசாரிப்பு ஒன்று, "ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்ற வற்புறுத்தல் ஒன்று என்று நேரம் கரைந்து, இஷாவுக்குப் பிறகு, இரவு ஒன்பதரை மணிக்குத்தான் வண்டி நகர்ந்தது. பெரம்பலூரில் தேநீர் குடித்தோம். நள்ளிரவு கடந்து உளுந்தூர்ப்பேட்டையை நெருங்கிய வேளையில், தஸ்பீஹ் ஓதிக்கொண்டு விழித்திருந்த தாயார், "மாப்பிள்ளை!" என்று அலறிய சத்தத்தில்தான் நான் கண் விழித்தேன். எங்கள் வண்டி சாலையின் இடது ஓரத்தை நோக்கிச் சரிந்து சென்றுகொண்டிருந்தது. அங்கே பின்விளக்கு எரியாமல் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. மச்சான் வண்டியைத் திருப்பிவிட்டார். அல்லாஹ் காப்பாற்றினான்.

மச்சானைக் குறைகூற எனக்கு வாய் எழவில்லை. அவர் காலை நான்கு மணிக்கு எழுந்தவர். இருபது மணி நேரமாக உறங்காதவர். அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டிய நான் நன்றாக உறங்கியிருந்தேன். எனக்கு அதைவிட வெட்கமான செய்தி வேறொன்று உண்டு.

மாணவர்களுக்கு நான் பாடமாக நடத்தும் ஸஹீஹ் முஸ்லிமில் அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் ஒன்று இருக்கிறது. ஓர் இரவுப் பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாகனத்தின் மீது அமர்ந்தபடியே கண்ணயர்ந்து சாய்கிறார்கள். பக்கத்தில் வந்துகொண்டிருந்த அபூ கதாதா, அவர்களின் உறக்கத்தைக் கலைக்காமல் தாங்கி நிமிர்த்துகிறார். சற்றுத் தூரம் சென்றதும் மீண்டும் சாய்கிறார்கள், மீண்டும் தாங்குகிறார். மூன்றாம் முறை கீழே விழுந்துவிடும் அளவுக்குச் சாய்ந்தபோதும் அவர் தாங்கிக்கொள்கிறார். தலையை உயர்த்திய நாயகம் (ஸல்) அவர்கள், யார் என்று விசாரித்து, தம்மைப் பாதுகாத்ததற்காக அவருக்குத் துஆச் செய்கிறார்கள். அதன் பின் அவர்கள் செய்தது என்ன? பயணத்தைத் தொடரவில்லை. பாதையை விட்டு ஒதுங்கி, தொழுகைக்கு எழுப்புவதைத் தோழர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தலை சாய்த்தார்கள்.

இந்த ஹதீஸை எத்தனையோ ஆண்டுகள் நடத்தியவன் நான். தொழுகை தவறினால் எப்படி நிறைவேற்றுவது என்ற சட்டத்தை மட்டுமே அதிலிருந்து எடுத்துச் சொல்லி வந்திருக்கிறேன். அபூ கதாதா அமர வேண்டிய இடத்தில் அன்று நான் உறங்கிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

முதலில் கணக்கு

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலை. நகர நெரிசல், சுங்கச்சாவடி, சிற்றுண்டி எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நிதானமான கணக்கு. போக வரப் பன்னிரண்டு மணி நேரம். விருந்துக்கும் உறவினருக்கும் ஐந்து மணி நேரம். புறப்படுமுன் விழித்திருந்த நேரத்தையும் சேருங்கள். பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாது. இதை ஒரே மனிதர் ஓட்டி முடிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமா?

ஆகவே என் கருத்து இது. நன்றாக ஓட்டத் தெரிந்த இருவர் இருந்து, பகல் மூன்று மணிக்குள் திருச்சியை விட்டுக் கிளம்ப உறுதியாக முடியுமானால் மட்டும் ஒரே நாளில் திரும்பலாம். ஓட்டுபவர் ஒருவர்தான் என்றால், அன்றைய பயணத்தைப் போவதோடு நிறுத்திக்கொண்டு ஓர் இரவு தங்குங்கள். அதுவும் இயலாதெனில் ரயில் இருக்கிறது. திருச்சிக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே இரவில் ஓடும் மலைக்கோட்டை விரைவு ரயிலில் படுத்துறங்கியே வந்து சேரலாம்.

புறப்படும் நேரம்

போகும்போது சுபுஹு ஜமாஅத் முடிந்த உடனே புறப்படுவது எல்லா வகையிலும் நல்லது. பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பகுதிகளில் நெரிசல் கூடுமுன் கடந்துவிடலாம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பின் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படுவதால், மாலை நேரங்களிலும் பண்டிகை விடுமுறையின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் அப்பகுதியில் வண்டிகள் ஊர்ந்தே செல்லும். சுமார் 160 கிலோமீட்டரில் விழுப்புரம் வருகிறது, பாதி வழி. அங்கே சிற்றுண்டி, ஓய்வு, ஓட்டுபவர் மாற்றம் மூன்றையும் வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும் நேரத்தை விருந்து வீட்டாரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மூன்று பேர் பயணம் செய்தால் ஒருவரை அமீராக நியமித்துக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இன்றைய குடும்பப் பயணத்திற்கும் அது பொருந்தும். கிளம்பும் நேரத்தையும் நிறுத்தும் இடத்தையும் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். மற்றவர் கட்டுப்பட வேண்டும். எங்கள் பயணத்தில் அப்படி ஒருவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு பார்க்க வேண்டியிருந்தது!

தொழுகையும் ஒரு திட்டமே

இவ்வளவு தூரம் செல்பவர் இரு மத்ஹபுகளின்படியும் பயணியே. ஊர் எல்லையைக் கடந்த பின் லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகச் சுருங்கும். சுபுஹும் மஃரிபும் சுருங்கா. ஹனஃபி மத்ஹபில் சுருக்குவது கட்டாயம். ஷாஃபி மத்ஹபில் அனுமதி. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் இரு சாராரும் முழுமையாகவே தொழ வேண்டும்.

லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபிகளுக்குப் பயணத்தில் உண்டு. ஹனஃபிகளுக்கு அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர இல்லை. ஆயினும் லுஹரை அதன் கடைசி நேரத்திலும், அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுது, ஒரே நிறுத்தத்தில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். கணவர் ஹனஃபி, மனைவி ஷாஃபி என்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு; அவர்கள் நிறுத்தங்களை முன்பே பேசிக்கொள்வது நல்லது. திருச்சியே உங்கள் சொந்த ஊர் என்றால், அங்கே சுருக்குவதா முழுமையாகத் தொழுவதா என்பதை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுச் செல்லுங்கள்.

பெண்களின் சிரமத்தை நாம் நினைப்பதே இல்லை. வழியிலுள்ள எல்லாப் பள்ளிவாசல்களிலும் பெண்களுக்குத் தொழ இடம் இராது. விழுப்புரத்திலோ பெரம்பலூரிலோ உறவினர், நண்பர் இருந்தால் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். ஒரு தொழுகை விரிப்பும், ஒளுவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். கழிப்பறை வசதி சரியில்லை என்பதற்காகப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவதை நான் கண்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல பெட்ரோல் பங்க்கிலோ உணவகத்திலோ நிறுத்தினால் அவர்களுக்கும் நிம்மதி, ஓட்டுபவருக்கும் ஓய்வு.

வண்டிக்கும் ஓட்டுநருக்கும் உரிய உரிமை

செழிப்பான நிலத்தில் பயணம் செய்யும்போது ஒட்டகத்திற்கு அதன் பங்கைக் கொடுக்குமாறும், இரவில் தங்கினால் பாதையை விட்டு விலகித் தங்குமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை முஸ்லிமில் காண்கிறோம். இன்று நம் ஒட்டகம் கார். முந்தின நாளே நான்கு டயர்களிலும் ஸ்டெப்னியிலும் காற்று, ரேடியேட்டர் தண்ணீர், பிரேக், முன்விளக்கு, பின்விளக்கு, வைப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டது. அதில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது சட்டம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர்வதைத் தாய்மார்கள் அறவே விட்டுவிட வேண்டும். ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேரை அடைப்பது சிக்கனம் ஆகாது.

வாடகை வண்டி என்றால் ஓட்டுநர் சகோதரரை நினையுங்கள். நாம் மண்டபத்தில் விருந்துண்ணும்போது அவர் வெயிலில் வண்டிக்குள் அமர்ந்திருப்பார். எல்லோரும் உண்டு முடித்த பின் அவர் நினைவு வரும். அவரை முதல் பந்தியிலேயே உட்கார வைத்து, விசிறி ஓடும் ஓர் அறையில் இரண்டு மணி நேரம் படுக்க இடம் செய்து கொடுங்கள். நம் குடும்பமே அவர் கண்ணிமையில்தான் இருக்கிறது.

உறக்கத்தோடு போராடாதீர்கள்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஐந்து வினாடி கண்ணயர்ந்தால், 110 மீட்டர் தூரம் வண்டியை ஓட்ட ஆள் இல்லை என்று பொருள். நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையிலும், பிரியாணி உண்ட பின் பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரையிலும் உடல் இயல்பாகவே உறக்கத்தைக் கேட்கிறது. ஆகவே மூன்று மணிக்குள் கிளம்புவோரும், விருந்துக்குப் பின் ஓட்டுபவரைச் சற்றுக் கண்ணயர விட்டே புறப்படுங்கள். தேநீர் அதைச் சிறிது தள்ளிப் போடுமே தவிர, உறக்கத்துக்கு ஈடாகாது. முகம் கழுவுவதும் அப்படியே. அடுத்தடுத்துக் கொட்டாவி, கடந்து வந்த ஊர் நினைவில் இல்லாமை, வண்டி கோட்டை விட்டு விலகுதல் ஆகியவை கண்டால் உடனே நிறுத்த வேண்டும். சாலையோரத்தில் அன்று, பெட்ரோல் பங்க்கிலோ உணவக வளாகத்திலோ. இருபது நிமிடம் உறங்கினாலும் நல்ல பலன் உண்டு.

முன் இருக்கையில் அமர்பவர் உறங்கக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். உறக்கம் வந்தால் அவர் பின்னால் போகட்டும். விழித்திருப்பவர் முன்னால் வரட்டும்.

விபத்தைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. அடிபட்டவருக்கு உதவுபவரைச் சட்டத் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் பிரிவு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது; பெயர் சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. அஞ்சி ஒதுங்கிப் போகக் காரணம் இல்லை.

அன்றிரவு நாங்கள் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினோம். "காலையில் அலுவலகம் போக வேண்டுமே" என்றார் மச்சான். "போகாட்டிப் போவுது மாப்பிள்ளை, நீங்க படுங்க" என்றார் தாயார். அவர் உறங்கினார்; நான் உறங்கவில்லை. அங்கேயே சுபுஹு தொழுது, வெளிச்சம் வந்த பின் கிளம்பினோம். மச்சானுக்கு ஒரு நாள் விடுப்பு போயிற்று. பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளி போயிற்று. வேறெதுவும் போகவில்லை.

வீட்டாருக்கு முன்னறிவிப்பின்றி இரவில் வந்து கதவைத் தட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதும், பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுவது அவர்களின் வழக்கம் என்பதும் நாம் அறிந்தவையே. அன்று பகலில் மஹல்லாப் பள்ளியில் அந்த இரண்டு ரக்அத்தைத் தொழுதபோது, அதன் பொருள் எனக்கு முன்னெப்போதையும்விட விளங்கிற்று.

அடுத்த அழைப்பிதழ் உங்கள் வீட்டுக்கும் விரைவில் வரும். பயண துஆவை ஓதுங்கள். ஓதும் முன், திரும்பும் நேரத்தையும் தங்கும் இடத்தையும் பக்கத்து இருக்கையில் விழித்திருப்பவரையும் முடிவு செய்துவிடுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.