முட்டைக்கோழி வயித்துல அவ்வளவு கொழுப்பு ஏன்? சோம்பேறித்தனம் மட்டும் இல்ல பாஸ், ஜீனும்தான்!

கறிக்கடையில் பிராய்லர் கூண்டுக்குப் பக்கத்தில், கொஞ்சம் விலை கம்மியா 'முட்டைக்கோழி'ன்னு வெச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. பண்ணையில் ஒன்றரை வருஷம் முட்டை போட்டு ஓய்ஞ்ச லேயர் கோழி அது. வயித்தைக் கிழிச்சா உள்ளே மஞ்சளா ஒரு கொத்துக் கொழுப்பு இருக்கும். "கூண்டுலயே உக்காந்து தின்னுச்சுல்ல, அதான்" என்று கடைக்காரர் ஒரே வரியில் முடிச்சுடுவார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, கோழி முட்டையை உடைச்சுக்கிட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடியே அதோட ஜீன்ல எழுதப்பட்டது.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஒரு முட்டையில் சுமார் 5 கிராம் கொழுப்பு இருக்கு, கிட்டத்தட்ட எல்லாமே மஞ்சள் கருவில். நாமக்கல் பண்ணைகளில் நீங்க பார்க்கிற வெள்ளைக் கோழி, ஒயிட் லெகார்ன் வம்சம். வருஷத்துக்கு 300 முட்டை சாதாரணமா போடும். பெருக்கிப் பாருங்க... ஒன்றரை கிலோ கொழுப்பு. அந்தக் கோழியோட மொத்த எடையே ஏறக்குறைய அவ்வளவுதான்! இதோட மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, காட்டில் வருஷத்துக்கு 10, 15 முட்டையோட நிறுத்திக்கும். அதிகமா முட்டையிடற கோழியையே தலைமுறை தலைமுறையா மனுஷன் பொறுக்கி எடுத்ததோட விளைவு இது. முட்டையை மட்டும் தனியா பொறுக்க முடியாது. அதுக்குத் தேவையான கொழுப்பைத் தயாரிக்கிற திறமையும் கூடவேதான் வரும்.

அந்தத் தயாரிப்பு நடக்கிற இடம் கல்லீரல். எலிக்குக் கொழுப்புத் திசுவிலும் நிறைய கொழுப்பு உருவாகும். கோழிக்குப் பெரும்பாலும் ஈரல்தான். (மனுஷனுக்கும் இந்த விஷயத்தில் எலியைவிட கோழிதான் நெருக்கம்!) முட்டையிடும் பருவம் வந்ததும் எஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறும். உடனே ஈரல் ஓவர்டைம் பார்க்க ஆரம்பிச்சிடும். மக்காச்சோள மாவுச்சத்தைக் கொழுப்பா மாத்தி, புரதத்தோட சேர்த்துப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் அனுப்பும். அந்தப் பொட்டலம் முட்டைப்பைக்குப் போய் மஞ்சள் கருவாகும்.

இப்போ ஒரு கேள்வி. பொட்டலம் போய்ச் சேர்ற கதவு திறக்கலைன்னா?

அப்படியும் ஒரு கோழி இருக்கு. லெகார்ன் வம்சத்திலேயே, முட்டையிடும் வயசு வந்தும் முட்டையே போடாத சில பெட்டைகளை விஞ்ஞானிகள் கவனிச்சாங்க. வளரும் கருமுட்டையோட மேல்பரப்பில், வர்ற பொட்டலத்தைப் பிடிச்சு உள்ளே இழுக்கிற ஒரு புரதம் இருக்கணும். அந்தப் புரதத்தோட ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு என்பது 1995-ல் வெளியான ஆய்வில் தெரிஞ்சது. சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் செரீன். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா பொட்டலம் உள்ளே போகாது. ஈரல் பாட்டுக்குத் தயாரிச்சுக்கிட்டே இருக்கும். ரத்தத்தில் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் தாறுமாறா ஏறி, ரத்தக்குழாய் சுவரில் படிய ஆரம்பிக்கும்.

இன்னொரு சிக்கல், அந்த ஜீன் இருக்கிறது இசட் குரோமோசோமில். கோழியில் சேவலுக்குத்தான் ரெண்டு இசட். பெட்டைக்கு ஒண்ணுதான், ஸ்பேர் கிடையாது. ஒரு இசட்டில் இந்த மாற்றத்தைச் சுமக்கிற அப்பா சேவல் பார்க்க நல்லாத்தான் இருக்கும். அதோட பெண் குஞ்சுகளில் சராசரியா பாதிக்கு முட்டையே கிடையாது!

ஆனா எல்லாக் கொழுப்புக்கும் இப்படி ஒரே ஜீன் மேல பழி போட முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பால் சீகல் என்ற விஞ்ஞானி 1957-ல் ஒரு சோதனையை ஆரம்பிச்சார். வெள்ளை பிளைமவுத் ராக் என்ற ஒரே இனத்தை ரெண்டு கூட்டமா பிரிச்சார். 8 வார வயசில் எடை அதிகமான கோழிகள் ஒரு பக்கம், எடை குறைஞ்சவை இன்னொரு பக்கம். ஒவ்வொரு தலைமுறையிலும் அதே தேர்வு. தீவனம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். 50 தலைமுறை தாண்டினப்போ எடையில் 10 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

குண்டுக் கூட்டத்துக்குப் போதும் என்பதே தெரியாது. தீவனத்தை அளந்து போடலைன்னா உடம்பு முழுக்கக் கொழுப்பு வெச்சு, முட்டையிடற ஒழுங்கே கெட்டுப்போகும். ஒல்லிக் கூட்டத்தில் சில குஞ்சுகள் முன்னாடி தீவனம் இருந்தும் சாப்பிடாமலே செத்துப்போச்சு. தப்பிச்சு வளர்ந்ததிலும் சில பெட்டைகள் கடைசிவரை முட்டையே போடலை. கொழுப்பு ஏறினாலும் பிரச்னை, இல்லாமப் போனாலும் பிரச்னை. இந்த ரெண்டு கூட்டத்தையும் கலந்து ஆராய்ஞ்ச 2006 ஆய்வு, நாலு ஜீன் பகுதிகள் கூட்டணி போட்டு வேலை செய்யறதைக் காட்டுச்சு. தனித்தனியா பார்த்தா சாதாரணமா தெரியும். சேர்ந்தாத்தான் ஆட்டம். கோழிக்கதையை அப்படியே மனுஷனுக்குப் பொருத்தக் கூடாதுதான். ஆனாலும் அடுத்த தடவை யாரையாவது பார்த்து 'வாயைக் கட்டு'ன்னு சொல்ல வாய் வந்தா, இந்தக் கோழிகளைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.

நடுவில் ஒரு கடைத்தெரு நம்பிக்கையையும் உடைச்சிடலாம். தோலும் காலும் மஞ்சளா இருந்தா கொழுப்புக் கோழின்னு அர்த்தமில்லை. தீவனத்தில் வர்ற மஞ்சள் நிறமியைத் தோல் உடைக்காம சேர்த்து வைக்கிற ஜீன் அது. நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில் திரியற சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து அது வந்ததுன்னு 2008-ல் கண்டுபிடிச்சாங்க. இப்போ உலகம் பூரா பண்ணைகளில் அந்த மலைக்கோழியோட சொத்து இருக்கு!

சரி, கடைக்காரர் சொன்ன அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். ஜீன் துப்பாக்கியை லோடு பண்ணி வைக்கும், கூண்டும் வெயிலும்தான் அதை அழுத்தும். நடமாட்டம் இல்லாத கூண்டு, சக்தி அதிகமான தீவனம், மேல ஏப்ரல் - மே அனல். அனுப்புற வேகத்தைவிட தயாரிக்கிற வேகம் கூடிட்டா, கொழுப்பு ஈரலிலேயே தங்கிடும். ஈரல் வெளுத்து, வீங்கி, தொட்டாலே உதிர்ற பதத்துக்கு வந்திடும். முட்டையிட முக்கும்போது அது கிழிஞ்சு உள்ளேயே ரத்தம் கொட்டும். முந்தின நாள்வரை முட்டை போட்ட கோழி, காலையில் வெளுத்த கொண்டையோட செத்துக்கிடக்கும். பெரும்பாலும் நல்லா முட்டை போடற, பார்க்க ஆரோக்கியமான கோழிதான் இப்படிப் போகும் என்பதுதான் கொடுமை. சில லெகார்ன் வம்சங்களுக்கு இது மத்ததைவிட சுலபமா வரும்.

ஜீனை மாத்த பண்ணைக்காரரால் முடியாது, தீவனத்தை மாத்தலாம். அதனாலதான் சில கோழிகளை அடிக்கடி எடை போட்டுப் பார்க்கிறாங்க, தீவனத்தில் கோலின் சேர்க்கிறாங்க. இன்னொரு வழியும் உண்டு, கேட்டா தலைகீழா தோணும். மக்காச்சோளத்தைக் கொஞ்சம் குறைச்சு, அந்த அளவு சக்திக்கு எண்ணெய் சேர்க்கிறது! கொழுப்பைக் குறைக்க கொழுப்பா? ஆமா. ரெடிமேடா கொழுப்பு வந்துட்டா, மாவுச்சத்திலிருந்து அதைத் தயாரிக்கிற வேலை ஈரலுக்குக் குறையும்.